‘நம்பிக்கை இருக்கிறதா?’ என்று கேட்டு ஏமாற்றியவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

மதுரைக்காரன்:
ஆங்கிலத்தில் ‘கான்’ (con) என்றால் ஏமாற்று என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அது ‘கான்ஃபிடன்ஸ்’ என்பதன் சுருக்கம், அதாவது நம்பிக்கை என்பது சென்ற மாதம்தான் தெரிந்தது. 1849இல் நியூயார்க்கில் வில்லியம் தாம்ப்சன் என்பவன் நன்றாக உடுத்திக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களிடம் பழைய நண்பனைப் போலப் பேசுவான். பிறகு, நாளை வரை உங்கள் கடிகாரத்தைக் கொடுத்துவைக்க என்மேல் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்பான். கொடுத்திருக்கிறார்கள்! அவன் பிடிபட்டபோது பத்திரிகை சூட்டிய பெயர்தான் ‘கான்ஃபிடன்ஸ் மேன்’.

படித்ததும் மாட்டுத்தாவணி பேருந்து நிலையம் நினைவுக்கு வந்தது. 2009, இரவு பத்து மணி இருக்கும். முன்பின் தெரியாத ஒருவன், கூடவே அவன் மனைவி, தோளில் தூங்கும் குழந்தை, பறிபோன பர்ஸ். உங்களுக்கே தெரிந்த கதைதான். அவன் பணம் கேட்கவே இல்லை. 600 ரூபாயை நானாக எடுத்துக் கொடுத்தேன். மணியார்டர் அனுப்புகிறேன் என்று என் முகவரியைச் சிறிய டைரியில் எழுதிக்கொண்டான். எழுதியதைத் திரும்ப வாசித்தான். “பின்கோடு கடைசியில் ஏழா, ஒன்றா அண்ணே? சரியாகக் கேட்கவில்லை” என்றான். அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

ஓய்வுபெற்ற தட்டச்சர்:
மேலே எழுதியவர் நம்பிக்கை என்ற சொல்லிலேயே நின்றுவிட்டார். நீதிமன்றத்தில் முப்பது ஆண்டுகள் தட்டச்சு செய்தவன் என்பதால் சொல்கிறேன். வாங்கும்போதே கெட்ட எண்ணம் இருந்தால் அது ஏமாற்றுதல். நல்லபடியாக ஒப்படைத்ததைப் பிறகு கையாடினால் அது நம்பிக்கை மோசடி. இரண்டும் வேறு வேறு குற்றங்கள். நாம் ‘நானூற்று இருபது’ என்று திட்டுவது முதல் வகையைத்தான். அது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண். 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது பிரிவு 318(4). ஏழு ஆண்டு வரை சிறை என்பது மாறவில்லை.

எங்கள் தெருவில் சீட்டு நடத்திய அம்மாள் எட்டு ஆண்டுகள் ஒரு ரூபாய் பிசகாமல் கொடுத்தார். ஒன்பதாம் ஆண்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். முந்தைய நாள் மாலை எனக்குக் காப்பி கொடுத்தார். சர்க்கரை போதுமா என்றும் கேட்டார். அவரைக் ‘கான்’ என்பீர்களா? நான் சொல்லமாட்டேன்.

நெல்லை மகள்:
ஐயா, பிரிவு எண் எதுவாக இருந்தால் என்ன? நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்று தமிழில் எப்போதோ சொல்லிவிட்டார்கள்.

என் அப்பாவுக்கு 71 வயது. வீடியோ அழைப்பில் காக்கிச் சட்டைக்காரன் ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டியிருக்கிறான். நான் உள்ளே நுழைந்தபோது அப்பா சட்டை மாட்டிக்கொண்டு, கைபேசிக்கு முன்னால் கைகட்டி நின்றார். பணம் போகவில்லை. ஆனால் அவர் நின்ற நிலையை என்னால் மறக்க முடியவில்லை.

எல்லோரும் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றைக்கே பேசுங்கள். டிஜிட்டல் கைது என்று சட்டத்தில் எதுவும் கிடையாது. எந்தக் காவல் அதிகாரியும் வீடியோவில் விசாரித்துப் பணத்தை மாற்றச் சொல்லமாட்டார். அழைப்பைத் துண்டிக்கலாம், அது குற்றமில்லை என்பதை அழுத்திச் சொல்லுங்கள். பயந்தவர்களுக்கு அதுதான் தெரிவதில்லை. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930ஐ அழையுங்கள். தாமதிக்காமல் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குப் போகாமல் தடுக்க வாய்ப்பு இருக்கிறது. வங்கிக்கும் சொல்லுங்கள். அழைப்பு வந்த எண்ணையும் குறுஞ்செய்திகளையும் அழித்துவிடாதீர்கள். முக்கியமாக, ஏமாந்தவரைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை நம்மிடம் சொல்லமாட்டார்கள்.

மதுரைக்காரன்:
தட்டச்சர் ஐயா, வாங்கும்போதே எண்ணம் இருந்ததா என்கிறீர்கள். அதுதான் எனக்கும் பிடிபடவில்லை. ஏமாற்ற வந்தவனுக்குப் பின்கோடு எதற்கு? ஏழு மாதம் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் வாசலுக்குப் போனேன். ஒன்று என்பதை அவன் ஏழு என்றே எழுதிக்கொண்டானோ என்று இப்போதும் தோன்றுகிறது.