குடிவரவு ஆய்வுக்குப் பேட்டி எடுக்கப்போகும் மாணவர்களுக்கு

மனித உரிமை, குடிவரவுக் கொள்கை என்று ஆய்வு செய்ய வந்திருக்கிறோம், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் படிப்பு. 1951 அகதிகள் உடன்படிக்கையையும் அதோடு சேர்ந்த 1967 நெறிமுறையையும் (Protocol) யாரோ எழுதிய சுருக்கத்தில் அல்ல, மூலத்திலேயே படியுங்கள். உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிற, உடன்படிக்கையின் 33-ஆம் பிரிவையும் அதற்குள் இருக்கும் விதிவிலக்கையும் சேர்த்தே படிக்க வேண்டும். அகதி வழக்குகளின் தீர்ப்புகள் ஐ.நா. அகதிகள் முகமையின் ரெஃப்வேர்ல்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

சரி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது பேட்டியைப் பற்றி. தஞ்சம் கேட்டு வந்து, தமிழில் பேச ஆளில்லாமல் இருந்தவரிடம் நீங்கள் தமிழில் பேசினால், கேட்காததையும் சொல்லிவிடுவார். அங்கேதான் கவனம் வேண்டும்.

என் முதல் பேட்டியில் ஓர் அண்ணன் மேஜைமேல் இருந்த ரெக்கார்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அணைத்துப் பைக்குள் போட்ட பிறகுதான் நிமிர்ந்தார். "இதால என் கேஸுக்கு ஏதும் ஆகுமா தம்பி?" என்றார். ஆகாது என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் உறுதி கொடுக்க நான் யார்? தஞ்சம் கேட்பவர் அதிகாரியிடம் சொன்ன தேதியும் வேறெங்கோ சொன்ன தேதியும் ஒத்துப்போகாவிட்டால், அவர் சொல்வதையே சந்தேகிப்பார்கள். என் நோட்டில் இருப்பது அவருடைய வாக்குமூலத்தின் இன்னொரு வடிவம் என்பது அப்போதுதான் உறைத்தது. எழுதியதை வாசித்துக் காட்டினேன். ஓர் ஊர்ப் பெயரை அடிக்கச் சொன்னார். அடித்தேன்.

அதனால் ஆய்வுக்குத் தேவைப்படாத பெயர், ஊர், தேதி எதையும் எழுதவே எழுதாதீர்கள். பெயருக்குப் பதில் குறியீடு போடுங்கள்; யாருக்கு எந்தக் குறியீடு என்ற பட்டியலைத் தனியாக, பூட்டிய கோப்பில் வையுங்கள். பேட்டிக்குச் சம்மதம் என்று கையெழுத்திட்ட ஒப்புதல் படிவமே ஆளைக் காட்டிக்கொடுக்கும். வாய்மொழி ஒப்புதலுக்கு அனுமதி உண்டா என்று பல்கலைக்கழகத்தின் ஆய்வு அறநெறிக் குழுவிடம் கேளுங்கள். அந்தக் குழு அனுமதி தரும் வரை யாரையும் பேட்டி எடுக்கக் கூடாது, தெரிந்த குடும்பமாக இருந்தாலும் சரி.

"என் கேஸ் நிக்குமா?" என்று பேட்டி கொடுப்பவர்கள் கட்டாயம் கேட்பார்கள். பதில் சொல்லாதீர்கள். இலவசச் சட்ட உதவி கிடைக்கும் இடங்களின் பட்டியலைத் தமிழில் எழுதிக் கையில் வைத்திருந்து கொடுங்கள். சித்திரவதை பற்றி அவராகப் பேசினால் ஒழியக் கிளறவேண்டாம்.

ஒப்புதல் வாசகத்தைத் தமிழில் எழுதியதும் அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.