சேமிப்பா, கிடங்கா, பெருவட்டா? தொலைக்காப்புக்கு எடுக்கும் மெய்நிகர் வழங்கிக்கு ஒரு பெயர்

செ. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கட்டற்ற மென்பொருள் கையேடு ஒன்றின் தமிழாக்கம் வெள்ளி மாலைக்குள் போக வேண்டும். காப்புநகலை வெளியூர் வழங்கியில் வைப்பது பற்றிய அத்தியாயத்தில் நிற்கிறேன். விபிஎஸ் (தரவு மையக் கணினியில் நமக்கென்று வாடகைக்குப் பிரித்துத் தரும் பங்கு) என்பதற்கு 'மெய்நிகர் வழங்கி' போட்டாயிற்று. அதில் வரும் வகைகளில் 'ஸ்டோரேஜ் விபிஎஸ்' மட்டும் இடிக்கிறது. செயலியில் ஒரு கரு (கோர்), 1 அல்லது 2 ஜிபி நினைவகம், ஆனால் வட்டு மட்டும் 1, 2 டிபி என்று வருமே, அது. இப்போதைக்குக் 'காப்பு வழங்கி' என்று எழுதியிருக்கிறேன். அட்டவணைத் தலைப்பில் 12 எழுத்துக்கு மேல் இடமில்லை. சொல்லுங்கள்.

மு. எழுதியது:

> இப்போதைக்குக் 'காப்பு வழங்கி' என்று எழுதியிருக்கிறேன்

இது மட்டும் வேண்டாம் ஐயா. காப்பு என்று பெயர் வைத்தால், வழங்கியை விற்பவரே காத்துத் தருவார் என்று வாங்குகிறவர் நம்பிவிடுவார். அதில் இருப்பது ரெய்டு (தரவைப் பல வட்டுகளில் பரப்பிவைக்கும் முறை) மட்டுமே. வட்டு ஒன்று செத்தால் தாங்கும். நீங்களே தவறி அழித்தால் தாங்காது, கட்டடம் எரிந்தால் தாங்காது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில், வழங்கிகளை வாடகைக்கு விடும் ஓவிஎச் நிறுவனத்தின் எஸ்பிஜி2 கட்டடம் முழுதாக எரிந்தபோது, மூலத்தையும் காப்புநகலையும் ஒரே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். பிள்ளைத்தமிழில் முதல் பருவமே காப்புதான். அங்கே காக்கும் பொறுப்பு தெய்வங்களுடையது. இங்கே அப்படி யாரும் இல்லை.

ந. எழுதியது:

மு. சொல்வது சரி. ஆனால் அதைவிட அடிப்படையான கோளாறு ஒன்று இருக்கிறது. 'நகல்' அரபுச் சொல். 'சேமிப்பு' என்று மாற்றினால் அதன் வேர் சேமம், அதாவது வடமொழி க்ஷேமம். 'படி' இருக்க நகல் எதற்கு? கிடங்கு இருக்க சேமிப்பு எதற்கு? என் பரிந்துரை: காப்புப்படி, கிடங்கு வழங்கி. 'கிட' என்னும் வினையடி. பொருள் கிடக்கும் இடம் கிடங்கு. சங்கப் பாடல்களில் கிடங்கு என்றால் அகழி, அதுவும் ஆழ்ந்து கிடப்பதுதான். தெலுங்கில் கிட்டங்கி, மலாயில் குடாங், ஆங்கிலேயர் வாயில் கொடவுன். நம் சொல் கப்பலேறிப் போய் வந்திருக்கிறது, நாம்தான் அதை விட்டுவிட்டோம்.

மு. எழுதியது:

விடவில்லையே, ரேஷன் அரிசி இன்றைக்கும் கிடங்கிலிருந்துதான் வருகிறது. நகலும் அப்படித்தான், தெருவுக்குத் தெரு நகலகம் என்று பலகை தொங்குகிறது. அதைப் படித்துப் புரிந்துகொள்கிற ஆளுக்குத்தான் கையேடு. கொடவுன் எங்கிருந்து எங்கே போனது என்ற வழக்கை வேறு இழையில் வைத்துக்கொள்வோம்.

செ. எழுதியது:

கிடங்கு எனக்கும் பிடித்தது. ஆனால் 'டேட்டா வேர்ஹவுஸ்' ஏற்கெனவே தரவுக் கிடங்கு ஆகிவிட்டது. களஞ்சியம் போடலாம் என்றால், போர்க், ரெஸ்டிக் என்னும் காப்பெடுக்கும் மென்பொருள்கள் இரண்டிலும் 'ரெப்பாசிட்டரி'க்கு அதைத்தான் வைத்திருக்கிறேன். 'களஞ்சிய வழங்கியில் களஞ்சியத்தைத் தொடங்கவும்' என்று எழுத முடியாது.

அ. எழுதியது:

பெயருக்கு முன்னால் அந்த அத்தியாயத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். 'வகை' என்ற ஒரே சொல் அங்கே இரண்டு வேலை பார்க்கிறது. வட்டு சுழல்வட்டா, எஸ்எஸ்டியா என்பது ஒன்று. மெய்நிகராக்கம் (ஒரே கணினியைப் பல வழங்கிகளாகப் பிரிப்பது) எப்படி என்பது மற்றொன்று. காப்புக்கு எடுப்பவர் முதலில் கேட்க வேண்டியது இரண்டாவதைத்தான்.

ஓபன்விஇசட், எல்எக்ஸ்சி போன்ற கொள்கலன் வகையில் கெர்னல் (இயங்குதளத்தின் உட்கரு) எல்லோருக்கும் பொது. வட்டு முழுதையும் லக்ஸ் என்னும் மறையாக்கக் கருவி கொண்டு மறையாக்கலாம் என்று போனால் பெரும்பாலும் நடக்காது. ஃபியூஸ் (சாதாரணப் பயனரே கோப்பு முறைமையை ஏற்ற உதவும் வசதி) வேண்டுமென்றால் விற்பவரிடம் திறந்துவிடச் சொல்லிக் கேட்க வேண்டும். ஐநோடு வரம்பு (எத்தனை கோப்பும் அடைவும் வைக்கலாம் என்ற கணக்கு) வேறு இருக்கும். ஆர்சிங்க் என்னும் நகலெடுக்கும் கருவி கொண்டு வன்தொடுப்பு முறையில் (மாறாத கோப்பை மறுபடி எழுதாமல் பழையதையே சுட்டுவது) தினமும் ஒரு படி எடுப்பவரை இதுதான் கவிழ்க்கும். மாறாத கோப்புகள் தொடுப்பாகிவிடும், அடைவுகள் (கோப்புறைகள்) ஆகா. 40,000 அடைவு, 30 நாள் என்றால் அடைவுகளுக்கே 12 லட்சம் ஐநோடு. வட்டில் பாதி காலியாக இருக்கும்போதே 'இடமில்லை' என்று பிழை வரும். காலியிடம் காட்டும் டிஎஃப் கட்டளையை ஐ கொடியுடன் ஓட்டினால்தான் காரணம் தெரியும். போர்க் தன் தரவை 500 எம்பி அளவுத் துண்டுகளாக வைப்பதால் 1 டிபிக்குச் சுமார் 2,000 கோப்புதான். ரெஸ்டிக்கில் துண்டு 16 எம்பி, சுமார் 60,000 கோப்பு. இரண்டுக்கும் இந்தத் தொல்லை இல்லை.

கேவிஎம் என்னும் முழு மெய்நிகர் இயந்திர வகையில் கெர்னல் உங்களுடையது. எக்ஸ்டி4 கோப்பு முறைமை போட்டதும் ஒன்று செய்யுங்கள். அது ரூட் என்னும் நிர்வாகிக் கணக்குக்கென்று 5 சதவீதத்தை ஒதுக்கி வைக்கும், 1 டிபியில் 50 ஜிபி. தரவு மட்டும் இருக்கும் வட்டுப் பிரிவில் டியூன்2எஃப்எஸ் கட்டளை கொண்டு அதை 1 சதவீதமாக்கலாம்.

ஒரு கரு போதுமா என்று கேட்பார்கள். போதும். சுருக்குவதும் மறையாக்குவதும் உங்கள் கணினியிலேயே நடந்துவிடுகின்றன. ஆனால் ரெஸ்டிக்கை எஸ்எஃப்டிபி (கோப்புகளை மட்டும் அனுப்பிப் பெறும் முறை) வழியாக வைத்திருந்தால், பழையதைக் களையும்போது பாதி பயன்பாட்டில் உள்ள துண்டுகளை உங்கள் கணினிக்கு இறக்கி, திருத்தி, மறுபடி ஏற்றும். போர்க்கில் 1.2 பதிப்பு முதல், களைந்த பிறகு 'காம்பேக்ட்' கட்டளையும் கொடுத்தால்தான் இடம் திரும்பக் கிடைக்கும். அது வழங்கிப் பக்கத்திலேயே ஓடும்.

முதல் ஏற்றத்துக்கு ஆகும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். 1 டிபி, 100 எம்பிபிஎஸ் ஏற்றவேகம் என்றால் 22 மணி நேரம். வீட்டு இணைப்பில் 20 எம்பிபிஎஸ்தான் என்றால் நாலரை நாளுக்கு மேல்.

இனி பெயர். எதுவானாலும் 'வழங்கி' என்ற பின்னொட்டு போகக் கூடாது. உள்ளே நுழைந்து கட்டளை ஓட்ட முடிவதுதான் இதன் பயன். வழங்கிக்குள் நுழைய விடும் எஸ்எஸ்எச் சாவிக் கோப்பில், உங்கள் கணினியின் சாவிக்கு 'போர்க் சர்வ்' கட்டளையை மட்டும், 'அப்பெண்ட் ஒன்லி' (சேர்க்க மட்டும்) கொடியோடு கட்டிவைத்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் பிணைத்தொகை வைரஸ் உங்கள் கணினியைப் பிடித்தாலும் அந்தச் சாவியைக் கொண்டு பழைய படிகளை நிரந்தரமாக அழிக்க முடியாது. வெறும் சேமிப்பிடத்தில் இந்தப் பிடி உங்களிடம் இருக்காது. பெரிதாக இருப்பது வட்டுதான், ஆகவே 'பெருவட்டு வழங்கி' என்பேன். ஒன்பது எழுத்து.

ந. எழுதியது:

வட்டு என்றால் எங்கள் பக்கம் கருப்பட்டி வட்டு. போகட்டும். கிடங்கு மோதுகிறது என்றால் 'குதிர்' இருக்கிறதே? மூன்றே எழுத்து. திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. வீட்டளவில் அந்த வேலையைச் செய்தது குதிர். விதைநெல்லை வேறாக எடுத்துவைத்ததுதானே நம்முடைய முதல் காப்புப்படி?

மு. எழுதியது:

வீட்டுக்குள்ளேயே இருந்த குதிர் எப்படி ஐயா தொலைக்காப்பு ஆகும்? வீடு எரிந்தால் குதிரும் சேர்ந்து எரியும், ஸ்ட்ராஸ்பூர்க் கதைதான். அதோடு பயனர் 'காப்புநகல் எங்கே?' என்று கேட்டால் 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்று பிழைச்செய்தி காட்ட வேண்டியிருக்கும்.

த. எழுதியது:

இழையை இப்போதுதான் பார்த்தேன். எல்லோரும் வழங்கி என்றே எழுதுகிறீர்கள். நான் பாடம் எடுக்கும் இடத்தில் பிள்ளைகளுக்குச் சேவையகம் என்றால்தான் தெரியும். அகம் என்றால் இடம், வழங்கி என்றால் வழங்குவது. இங்கே வாடகைக்கு எடுப்பது இடத்தைத்தானே?

அ. எழுதியது:

இடத்தை அல்ல அம்மா, இயந்திரத்தை. அதைத்தான் அவ்வளவு நீளமாக எழுதினேன்.

செ. எழுதியது:

நாளை வெள்ளி. குதிருக்கு ந. ஐயா ஒருவரே. பெருவட்டுக்கு இருவர், சேமிப்புக்கு நால்வர். நால்வரில் இருவர் 'ஏதாவது ஒன்றை வைத்து முடியுங்கள்' என்று தனிமடலில் சொன்னவர்கள். 'சேமிப்பு வழங்கி' என்று வைக்கிறேன். தலைப்பில் அடங்குகிறது, வங்கிக் கணக்கு வைத்திருக்கும் யாருக்கும் புரியும். அ. சொன்னபடி அட்டவணையைப் பிரித்து, 'மெய்நிகராக்கம்' என்று தனி நெடுவரிசை சேர்த்துவிட்டேன். அடியில் ஒரு வரி: 'இந்த வழங்கியில் உள்ளதற்கு விற்பவர் காப்பெடுப்பதில்லை, இன்னொரு படி உங்கள் கையில் இருக்கட்டும்.'

அ. எழுதியது:

> வங்கிக் கணக்கு வைத்திருக்கும் யாருக்கும் புரியும்

அதுதான் என் ஐயமே. வங்கியில் சேமித்தால் பணத்துக்கு வங்கி பொறுப்பு. காப்பு என்ற பெயருக்கு மு. சொன்ன அதே குறை சேமிப்புக்கும் உண்டு, கொஞ்சம் சன்னமாக. பெரும்பான்மை முடிவுக்குக் கட்டுப்படுகிறேன். அந்த அடிக்குறிப்பை மட்டும் அட்டவணைக்கு மேலே ஏற்றுங்கள்.

ந. எழுதியது:

ஏற்றும்போது 'இன்னொரு படி' என்பதைப் படியாகவே விடுங்கள். யாரும் அதை நகலாக்கிவிட வேண்டாம்.