கிரேக்கமும் அல்பேனியமும்: இரண்டையும் நேரில் கேட்டவர்கள் சொல்லுங்கள்

கப்பல்காரன்:
ஏதென்ஸ் பக்கத்துத் துறைமுகமான பிரேயஸில் ஏறினேன், சரக்குக் கப்பல். மூன்றாம் எஞ்சினியர் வடமேற்குக் கிரேக்கத்தின் யோஆனினாவில் வளர்ந்த அல்பேனியர். 1991-ல் எல்லை தாண்டி வந்த குடும்பம், அப்போது கைக்குழந்தை. சீஃப் எஞ்சினியர் கிரேக்கர். ஒருநாள் எரிபொருள் பம்ப் தகராறு செய்து, இவர் ராத்திரி முழுக்கத் தூங்காமல் சரிசெய்தார். காலையில் சீஃப் இவர் தோளைத் தட்டி "எஹி பெஸா" என்றார். வாக்கு தவறாதவன், நம்பலாம் என்று பொருள். இவர் நிமிரவே இல்லை, ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மெஸ்ஸில் என்னிடம் மட்டும் சொன்னார்: "பெஸா எங்கள் சொல். அல்பேனியச் சொல். அவருக்குத் தெரியாது." அவரிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். பதில் வரவில்லை.

இரண்டு மொழியையும் அவர் வாயிலிருந்துதான் கேட்டேன். 'நாளை வருவேன்' கிரேக்கத்தில் 'தா எர்தோ ஆவ்ரியோ', அல்பேனியத்தில் 'தோ த வீ நெஸர்'. காதுக்கு ஒட்டு உறவே இல்லை. ஆனால் அந்த 'தா'வும் 'தோ'வும் அந்தந்த மொழியில் 'விரும்பு' என்ற வினை தேய்ந்து வந்தவை. 'போக வேண்டும்' என்பதில் நமக்கு வரும் 'போக' மாதிரி ஒரு வடிவம் இரண்டிலும் கிடையாது. சொல் வேறு, இலக்கணம் ஒன்று என்றுதான் எனக்குப் பட்டது.

பள்ளிக்கூடத்தில் அவருக்குக் கிரேக்கப் பெயர் வைத்திருந்தார்கள். வீட்டில் வேறு பெயர். அதைக் கேட்காமலே ஒப்பந்தம் முடிந்து சைன் ஆஃப் ஆகி இறங்கிவிட்டேன். எட்டு வருடம் ஆகிறது.

ஆலிவ்மரம்:
ஏதென்ஸில் படித்தபோது நடந்தது. விமான நிலையத்தைச் சுற்றியுள்ள மெசோயியா ஊர்களில் ஒன்று. தோழியின் பாட்டி ஜாடிகளில் ஆலிவ் காய் போட்டு வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். வாய்க்குள்ளேயே எண்ணினார்: "...த்ரி, காதர், பெஸ". கிரேக்கத்தில் ஐந்து 'பெந்தே'. நான் துள்ளிக் குதித்து, "பாட்டி, இது அல்பேனியம்தானே?" என்று கேட்டுவிட்டேன். அவர் கை நின்றுவிட்டது. "அர்வானிதிகா" என்றார். அப்புறம் மீதி ஜாடிகளைக் கிரேக்கத்தில் எண்ணினார்.

14, 15-ஆம் நூற்றாண்டுகளில் அங்கே வந்து குடியேறியவர்களின் மொழி அது. மொழியியல்காரர்களுக்கு அல்பேனியத்தின் ஒரு கிளை. ஆனால் அந்தப் பாட்டி தன்னைக் கிரேக்கப் பெண்ணாகவே நினைக்கிறவர். 1821 கிரேக்க விடுதலைப் போரில் அவர்கள் ஆட்களும் சண்டை போட்டவர்கள். நான் கேட்ட கேள்வி அவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று இப்போதும் யோசிக்கிறேன். பாதியில் நின்ற அந்த எண்ணிக்கையை நான்தான் நிறுத்தினேன்.

சூரிச்வாசி:
கப்பல்காரன் அண்ணா சொன்ன "இலக்கணம் ஒன்று" என்பதை நான் ஏற்கமாட்டேன். அது தெற்கு அல்பேனியாவின் தொஸ்க் பேச்சு. இங்கே சுவிஸில் எங்களைப் போல யுத்தத்துக்குப் பயந்து வந்த கொசோவோ ஆட்கள் பேசுவது வடக்குப் பேச்சான கேக் (Gheg). அவர்கள் 'நாளை வருவேன்' என்பதை 'காம் மே ஆர்த் நெஸர்' என்பார்கள். 'காம்' என்றால் 'என்னிடம் இருக்கிறது'. 'விரும்பு' அதில் எங்கே இருக்கிறது? உங்கள் 'போக' அவர்களிடம் இருக்கிறது: 'மே ஷ்கூ'. பொது எழுத்து மொழி தொஸ்க்கை அடிப்படையாக வைத்தது என்பதால் புத்தகம் படிப்பவர்கள் எல்லாரும் இந்தத் தவறைச் செய்கிறார்கள்.

என்ர கதை சின்னது. முதியோர் இல்லச் சமையலறையில் வேலை. பக்கத்தில் உருளைக்கிழங்கு சீவுகிற கொசோவோ அக்காவிடம் ஒருநாள் அவ பாஷையிலேயே "உப்பைத் தாங்கோ" என்று கேட்டன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு "தி ஃபோல்க ஷ்சிப்!" என்றா. 'நீ அல்பேனியம் பேசுறியே!' அந்த 'ஏ'யை நாங்கள் கடைசியில் ஒட்டுகிறோம், அவர்கள் வினையையே வேறு வடிவத்துக்கு மாற்றுகிறார்கள். ஆச்சரியப்படுவதற்கென்றே தனி வினை வடிவம். கிரேக்கத்தில் அது இல்லை. பதினொரு வருடம் ஒரே மேசையில் நின்ற பிறகு நான் அவவிடம் பேசிய முதல் அல்பேனிய வசனம் அது.

மொழிப்பித்தன்:
'மோதர்' என்றால் அம்மா என்று நினைத்துக்கொண்டு, அல்பேனியக் கடற்கரை ஊரான சாரண்டாவில் நான் தங்கிய வீட்டுக்காரரிடம் "உங்கள் மோதர் சமையல் பிரமாதம்" என்றேன். மோதர் என்றால் அக்கா தங்கை. அவருடைய தங்கை இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. என் கதை அவ்வளவுதான்.

இனி படிக்கப் போகிறவர்களுக்குச் சில விஷயம். இரண்டையும் ஒன்றாகத் தொடங்காதீர்கள். கிரேக்கத்துக்கு 24 எழுத்து, ஆனால் 'இ' ஒலியையே ஐந்தாறு விதமாக எழுதுவார்கள். அல்பேனியத்துக்கு 36, லத்தீன் எழுத்து, 1908-ல் மொனாஸ்திர் மாநாட்டில் முடிவானது. எழுதியபடியே படிக்கலாம். அதன் புள்ளி வைத்த 'ë' கிட்டத்தட்ட நம் குற்றியலுகரம் போலத் தேய்ந்து வரும். இரண்டு மொழிக்கும் பொதுவான ஓர் ஒலி 'அது' என்பதில் நடுவில் வரும் த. அதைத் தமிழர்கள் சுலபமாகச் சொல்வார்கள். அப்புறம், கிரேக்கத்தில் 'தோ வுனோ' என்றால் 'அந்த மலை', சுட்டு முன்னால். அல்பேனியத்தில் அது சொல்லின் வாலில்: மல், மலி. 'மல்' என்றதும் தமிழ் மலை என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். தற்செயல் ஒற்றுமை, நூறு மொழியில் கிடைக்கும். இரண்டும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பம், அதில் தனித்தனிக் கிளை. அல்பேனியம் அந்தக் குடும்பம்தான் என்று ஜெர்மன் மொழியியலாளர் பொப் 1854-ல் எழுதிவிட்டார். தினமும் இருபது நிமிடம், ஒரு வினை, ஆறு வடிவம். ஆறு மாதத்தில் கடையில் பேரம் பேசலாம்.

ஆலிவ்மரம்:
படிக்கிற வழியை இங்கே யாரும் கேட்கவில்லையே. அந்த வீட்டுக்காரர் என்ன சொன்னார்?

மொழிப்பித்தன்:
எதுவும் சொல்லவில்லை. உள்ளே போய், தங்கை போட்டு வைத்த அத்திப்பழ ஜாம் பாட்டிலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

கப்பல்காரன்:
சூரிச்வாசி சொல்வது சரி. அந்த எஞ்சினியர் குடும்பத்தின் ஊர் தெற்கு அல்பேனியாவில் ஜிரொகாஸ்த்ரா பக்கம், அதாவது தொஸ்க். நான் கேட்டது அது ஒன்றைத்தான். போனில் இன்னும் அவரைக் கிரேக்கப் பெயரில்தான் சேமித்து வைத்திருக்கிறேன்.