வண்டியில் ஏற மறுக்கும் மார்வாரிக் குதிரை: உதவி தேவை

வணக்கம். 2 வருஷமாக ராஜஸ்தானில் புஷ்கர், ஜோத்பூர் என்று சுற்றி, லாயங்களில் வேலை பார்த்துக்கொண்டே இயற்கை முறைக் குதிரைப் பழக்கம் (அடிக்காமல், குதிரையின் இயல்பைப் புரிந்து பழக்குவது) கற்றுவருகிறேன். இப்போது என் சொந்தக் குதிரையிடமே திணறுகிறேன்.

6 வயது மார்வாரி இனப் பெண் குதிரை. போன ஆடியில் அந்தியூர் சந்தையில் வாங்கியது. அன்று நாலு பேர் சேர்ந்து அடித்துத்தான் லாரியில் ஏற்றினார்கள். அது இன்னும் என் மனதை அறுக்கிறது. இருப்பது பவானி பக்கம்.

3 வாரமாக வண்டியில் ஏற்ற முயல்கிறேன். முன்கால் இரண்டையும் வண்டியின் சாய்பலகையில் வைப்பாள், அதோடு சரி. தலை மேலே போகும், மூக்கு விடைக்கும், விலாவில் வேர்வை பூக்கும். அப்புறம் ஒரே இழுப்பில் பின்னால் போய்விடுவாள்.

கயிற்றில் லேசாக அழுத்தம் கொடுத்து, ஓர் அடி வைத்ததும் விட்டுப் பார்த்தேன். சத்தம் வராமலிருக்க பலகைமேல் ரப்பர் பாய் விரித்தேன். பழகிய குதிரையை முதலில் ஏற்றினேன். கொள்ளு வாளிக்கு வாயை நீட்டுகிறாள், பின்கால் மட்டும் நகராது. கால், முதுகு, பல் எல்லாம் சரியாக இருப்பதாக டாக்டர் சொல்லிவிட்டார். அடிக்கவோ மயக்க மருந்து போடவோ மாட்டேன்.

முன்கால் வைத்ததும், அவள் இழுக்கும் முன்பே நானே பின்னால் இறக்கிவிட்டு மறுபடி கேட்பதா, அங்கேயே நிற்கவிட்டு அவள் அமைதியாகும்வரை காத்திருப்பதா?