‘பெரிய வீடு’ குழு: அத்தை கண் ஆபரேஷன்

செந்தில்: அம்மாவுக்கு வர்ற புதன் வலது கண் புரை ஆபரேஷன். உள்ள வைக்கிற லென்ஸுக்காகப் போன வாரம் எடுத்த கருவிழி வளைவு அளவும் இன்னிக்கு எடுத்ததும் ஒத்துவரல. மறுபடி வரச் சொல்றாங்க. ரெண்டு அளவுச் சீட்டும் இங்க போட்டிருக்கேன்

கோமதி: காசு புடுங்கத்தான்

அனிதா: இல்ல சித்தி, சரியாத்தான் சொல்றாங்க. வலது கண் வளைவு, குறைஞ்ச பக்கம் / கூடின பக்கம்னு பவர் கணக்குல, முதல்ல 43.25 / 44.00, இன்னிக்கு 44.25 / 46.00. சராசரி 1.5 ஏறியிருக்கு. கருவிழி வளைவு ஒரு வாரத்துல இப்படி மாறாது. இதுல 1 பவர் தப்பினா உள்ள வைக்கிற லென்ஸும் கிட்டத்தட்ட 1 பவர் தப்பும்

முருகேசன்: மெஷின் கோளாறா

அனிதா: கண்ணீர்ப் படலமா இருக்கும் பெரியப்பா. கருவி கருவிழி மேல ஒளிப்புள்ளி விழவச்சு, அது திரும்பி வர்றத வச்சுத்தான் வளைவு கணக்குப் போடுது. கண்ணு காய்ஞ்சா படலம் திட்டுத் திட்டா உடைஞ்சு புள்ளி கலைஞ்சிடும். இன்னிக்குச் சீட்டுல மூணு தடவை எடுத்த மூணு வரிசையும் ஒண்ணுக்கொண்ணு சேரல பாருங்க. அத்தான், அளவுக்கு முன்னாடி சொட்டு விட்டாங்களா?

செந்தில்: மரத்துப்போற சொட்டு விட்டு கண் பிரஷர் பாத்தாங்க. அப்புறம்தான் இது

அனிதா: அதான்! சொட்டும் தொட்டுப் பாக்குற பிரஷரும் கருவிழி மேல்தோலக் கலைச்சிடும். வளைவு அளவுதான் முதல்ல எடுக்கணும்

கோமதி: வெள்ளிக்கிழமை வளைகாப்புக்கு வளையல் யாரு வாங்குறா

லதா: அனிதா, எங்க மாமியாருக்கும் அடுத்த மாசம். காண்டாக்ட் லென்ஸ் போடுறாங்க

அனிதா: மென்மையான லென்ஸ்னா ஒரு வாரமாவது கழட்டி வைக்கணும், கெட்டி லென்ஸ்னா மூணு வாரமாவது. முன்னாடி லேசிக் (கண்ணாடி போடாம இருக்க கருவிழிய லேசர்ல செதுக்குறது) பண்ணிருந்தா கட்டாயம் சொல்லணும், கணக்கே வேற

கோமதி: வளையல்???

முருகேசன்: 12 டஜன். புதன் ஆபரேஷன்னா தங்கச்சி வெள்ளிக்கிழமை வராது

கோமதி: என் மக கல்யாணத்துக்கும் வரலையே

முருகேசன்: அது இப்ப எதுக்கு

அனிதா: அத்தான், இடது கண் ரெண்டு தடவையும் 43.50 / 44.25. ரெண்டு கண் சராசரிக்கும் 0.9க்கு மேல வித்தியாசம் வந்தாலே திரும்ப எடுக்கணும். இன்னிக்கு 1.25 வருது. முதல் அளவுதான் நிஜத்துக்குப் பக்கம்னு தோணுது, ஆனா தோணுறத வச்சு லென்ஸ் வைக்க முடியாது

செந்தில்: அப்ப என்ன பண்ண

அனிதா: கண்ணு காய்ஞ்சிருக்கான்னு டாக்டர்ட்ட கேளுங்க. இருந்தா ரெண்டு மூணு வாரம் கண்ணீர்ச் சொட்டு, இமைக்குச் சூடான ஒத்தடம், அப்புறம் அளவு. போறன்னிக்கு வாசல்ல உக்காந்து சொட்டு விட வேணாம், அதுவும் அளவ ஆட்டும். எடுக்கும்போது நல்லா சிமிட்டிட்டு முழிச்சுப் பாக்கச் சொல்லுங்க. இமையத் தூக்கிப் பிடிக்கிறவங்க கண்ண அமுக்கக் கூடாது

செந்தில்: சனிக்கிழமை கூட்டிட்டுப் போறேன். புதன் உண்டா இல்லையான்னு அம்மா கேக்குறாங்க

அனிதா: மூணாவது அளவு வரட்டும். தள்ளினாலும் பரவால்ல, புரை எங்கயும் ஓடாது

கோமதி: அப்ப அண்ணி வெள்ளிக்கிழமை வரலாம்ல?