ஆச்சி கொடுத்து அனுப்பிய நாட்டுக்கோழி முட்டை

காலை 7.10
சேரன்மகாதேவி ஆச்சி: செல்வி, மாமாவிடம் 12 நாட்டுக்கோழி முட்டை கொடுத்து அனுப்பியிருக்கிறேன். வயதுக்கு வந்தபோது குடித்தாயே, அதே போல வெறும் வயிற்றில் ஒன்றை உடைத்துக் குடித்துவிட்டு, அந்த ஓட்டிலேயே நல்லெண்ணெயை அளந்து விட்டுக் குடி. இடுப்புக்குப் பலம்.

7.24
செல்வி: வந்து சேர்ந்தன ஆச்சி, இரண்டில் எச்சமும் வைக்கோலும் ஒட்டியிருக்கின்றன. சித்தி, ஐந்தாம் மாதத்தில் பச்சையாகக் குடிக்கலாமா?

7.41
சித்தி: பச்சையாக வேண்டாம்; அதற்காக முட்டையையே நிறுத்திவிடாதே. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதமும், பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய கோலின் சத்தும் இருக்கின்றன. ஆனால் சால்மொனெல்லா என்ற கிருமி எச்சத்தில் மட்டும் இருப்பதில்லை. அது தொற்றிய கோழியின் உடம்பில் ஓடு உருவாவதற்கு முன்பே முட்டைக்குள் புகுந்துவிடவும் கூடும் என்பதால், ஓட்டை எவ்வளவு கழுவினாலும் உள்ளே இருப்பது போகாது.

7.48
சேரன்மகாதேவி ஆச்சி: என் கோழிக்கு ஒரு நோயும் இல்லை.

7.52
சித்தி: அம்மா, நோயே தெரியாமல் திரியும் கோழியும் அதைச் சுமக்கும். மாசமாக இருப்பவளுக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்து உடம்பில் நீர் வற்றினால் யார் தாங்குவது?

8.05
மாப்பிள்ளை: அத்தை, நேற்றிரவு பரோட்டாக் கடையில் இவளுக்குக் கலக்கி வாங்கிக் கொடுத்துவிட்டேனே!

8.13
சித்தி: பதற வேண்டாம் மாப்பிள்ளை, காய்ச்சலோ வாந்தியோ வந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். கலக்கி என்பதே பாதி வேகாமல் வாழையிலையில் வழிந்து ஓடுவதுதானே, ஆப்பாயிலும் அப்படியே. இனிமேல் இருபுறமும் திருப்பிப் போட்ட ஆம்லெட்டாகக் கேளுங்கள். ஷவர்மாவில் தடவும் மயோனைஸும் வேண்டாம். பச்சை முட்டையில் செய்ததை 2025 ஏப்ரலில் தமிழக அரசே ஓராண்டுக்குத் தடை செய்தது.

செல்வி, தண்ணீர் கொதித்த பிறகு 10 முதல் 12 நிமிடம் அவிய விடு. கீறிப் பார்த்தால் மஞ்சள் கரு மாவு போல உதிர வேண்டும். நம் ஊர் வெயிலில் அவித்ததை வெளியே விட்டுவைக்காதே. ஒரு மணி நேரத்துக்குள் ஓட்டோடு ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் இருக்கும். பச்சை முட்டையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவு.

8.30
சேரன்மகாதேவி ஆச்சி: சரி, அவித்தே தின்னட்டும். நல்லெண்ணெயை வீணாக்காதே, அவித்த முட்டையைக் கீறி, அந்த எண்ணெயிலேயே மிளகுப்பொடி தூவிப் பிரட்டு.

8.32
செல்வி: அடுப்பில் வைத்துவிட்டேன் ஆச்சி. மிளகு எவ்வளவு போடட்டும்?