ஸ்மார்ட்போன் இல்லாத ஆயா கேஸுக்கு எங்க போவாங்க?

காசிமேட்டுப் பையன்:
எங்க ஆயாவுக்கு 74 வயசு. மார்க்கெட்ல மீன் விக்கிறாங்க. வெச்சிருக்கறது பட்டன் போன். கேஸ் புக் பண்றது, டெலிவரிக்கு நம்பர் சொல்றது எல்லாம் அதுலயே முடிச்சுக்குவாங்க. போன வாரம் கேஒய்சிக்காக, அதான் ஆளைச் சரிபாக்கறதுக்கு, ஏஜென்சிக்குப் போனா, "ஆப்ல முகத்தைக் காட்டிப் பண்ணிக்கோங்க"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. எதிர்ல ஆள் உக்காந்திருக்கும்போது எதுக்கு இந்த அலைச்சல்?

பழைய வண்ணாரப்பேட்டை அக்கா:
தம்பி, கோவம் நியாயம்தான். ஆனா கவுண்டர் க்யூவுல நின்னு பாத்திருக்கியா? நான் தையல் வேலைக்குப் போறவ. கரண்ட் பில் கட்ட அரை நாள் போனா அன்னிக்குக் கூலி போச்சு. ஒரு சர்டிபிகேட்டுக்குப் புரோக்கர்கிட்ட காசு அழுத காலம் எனக்கு இன்னும் மறக்கல. எல்லாம் போன்ல வந்தப்புறம்தான் நிம்மதி. ஆயாவுக்கு நீயே ஒரு வாட்டி பண்ணிக் குடேன்.

காசிமேட்டுப் பையன்:
குடுப்பேன்கா. நான் பத்து நாள் கடலுக்குப் போயிட்டா? பேரன் இல்லாத ஆயாங்க எங்க தெருவுல எத்தனை பேரு! முன்னப்பின்ன தெரியாதவன் போன்ல முகத்தைக் காட்டி, ஓடிபியும் சொல்லணும். அவன்தான் இப்போ புது புரோக்கர்.

தண்டையார்பேட்டை டீச்சர்:
ஓடிபி எஸ்எம்எஸ்ஸா பட்டன் போனுக்கும் வரும். பணம் அனுப்பக்கூட 2022-ல இருந்து யூபிஐ 123பே இருக்கு, இன்டர்நெட் வேணாம். கேஸ் கேஒய்சியை ஏஜென்சியிலயே கைரேகை வெச்சு முடிக்கலாம், சிலிண்டர் கொண்டு வர்றவரும் தன் போன்ல முடிச்சுத் தரலாம். இதைச் சொல்ல வேண்டியவங்க சொல்றதில்ல, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். ஆப் கேக்கற மாதிரி கண் சிமிட்ட முடியாதவங்க கேஒய்சி பண்ண முடியலன்னு தொடுத்த வழக்குல, டிஜிட்டல் வசதி வாழ்வுரிமையில அடக்கம்னு 2025 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு.

பழைய வண்ணாரப்பேட்டை அக்கா:
கைரேகையா? ஐஸ்லயும் உப்புலயும் ஊறின கை டீச்சர். ரேஷன் கடையில எங்க மாமியாருக்கே ரேகை விழறதில்ல. அப்போ முகம் புடிக்கிற ஆப்தானே அந்த ஆயாவுக்கு நல்லது?

காசிமேட்டுப் பையன்:
முகத்தையே புடிக்கட்டும்கா, ஏஜென்சிக்காரங்க போன்ல புடிக்கட்டும். மெஷின் சேவை குடுக்கறவங்களோடதா இருக்கணும், ஆயா முகத்தைக் கொண்டு போனாப் போதும். நம்ம தண்டையார்பேட்டையில 2025 ஆகஸ்ட்ல தாயுமானவர் திட்டம் தொடங்குனாங்களே, 70 தாண்டினவங்க வாசலுக்கே ரேஷன் வண்டி வந்துச்சு. தராசு, மெஷின் எல்லாம் அவங்களே கொண்டு வந்தாங்க. பென்ஷன்காரங்களுக்கு உயிர்வாழ் சான்று எடுக்க போஸ்ட்மேனும் அப்படித்தான் வீட்டுக்கு வர்றார். கேஸுக்கு மட்டும் ஏன் முடியாது?

பழைய வண்ணாரப்பேட்டை அக்கா:
அது சரி. ஆனா ஆப்பே வேணாம்னு மட்டும் யாரும் கெளம்பிடாதீங்க. என்னை மாதிரி ஆளுங்க போன்ல முடிச்சாத்தான் கவுண்டர் முன்னாடி கூட்டம் குறையும், ஆயாவுக்கு உக்கார நாற்காலி கிடைக்கும்.

காசிமேட்டுப் பையன்:
வேணாம்னு நான் சொல்லவே இல்லக்கா. திங்கக்கிழமை ஆயாவைக் கூட்டிட்டு நானே போறேன். டீச்சர் சொன்னதைச் சொல்லிக் கேக்கறேன். முடியாதுன்னா, காரணத்தை எழுதிக் குடுங்கன்னு அங்கயே உக்காந்துடுவேன்.